சிவப்பு அட்டைக்குப் பின்

2022 செப்டெம்பர் 17, சனிக்கிழமை. அது மின்வெட்டுக் காலம். அஸர் தொழுதுவிட்டு வந்த நானா, கையடக்கத் தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துக்கொண்டு உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்து பிரீமியர் லீக் போட்டி. ஒரு பக்கம் நானாவின் உயிரான மன்செஸ்டர் சிட்டி, மறு பக்கம் வுல்வர்ஹம்ப்டன் வொண்டரர்ஸ். எனக்கு அப்போது பதினான்கு வயது. உம்மா வெட்டச் சொன்ன வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் இருந்தேன்.

போட்டி தொடங்கி ஒரு நிமிடம் முடிவதற்குள் ஜக் கிரீலிஷ் ஒரு கோல் போட்டார். 16ஆவது நிமிடத்தில் ஹாலண்ட் இன்னொன்று. நானாவின் முகத்தில் பெருநாள்தான். 33ஆவது நிமிடத்தில் மைதானத்தின் நடுப்பகுதியில் கிரீலிஷ் பந்தோடு வந்தார். வுல்வ்ஸின் உயரமான பின்கள வீரர் ஒருவர் பந்தை எட்டி உதைக்கக் காலை உயர்த்தினார். பந்து அங்கே இருக்கவில்லை. அவருடைய பாதணி கிரீலிஷின் வயிற்றில் போய் இடித்தது. மத்தியஸ்தர் யோசிக்கவேயில்லை. சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து உயர்த்தினார்.

"குங்ஃபூ அடிக்கிற மாதிரி அடிச்சிட்டான் பாருங்க உம்மா!" என்று நானா கத்தினார்.

எல்லோருடைய கண்ணும் கீழே விழுந்தவர் மேல்தான். என் கண்ணோ வெளியே போய்க்கொண்டிருந்தவர் மேலேயே இருந்தது. அவர் வாதாடவில்லை. சொந்த மைதானத்தில், சொந்த இரசிகர்கள் பார்த்திருக்க, குனிந்த தலையோடு நடந்தார். கமரா அவரை விடாமல் பின்தொடர்ந்தது. அந்த நடை எனக்கு என்னவோ செய்தது. "யார் நானா அது?" என்று கேட்டேன்.

"நேதன் கொலின்ஸ். அயர்லாந்துக்காரன். 21 வயசுதான். இவ்வளவு சல்லிக்கு ஒரு அயர்லாந்துக்காரன இதுக்கு முந்தி யாருமே வாங்கல்ல. கண்டீங்களா, என்ன செஞ்சான்டு!"

அன்றிலிருந்து அந்தப் பெயரை நான் மறக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது வேடிக்கை. நானாவுக்கு ஹாலண்ட், எனக்கு சிவப்பு அட்டை வாங்கியவர். ஆனால் அவரைப் பற்றித் தேடித் தேடி வாசித்தபோது, அந்த நடைக்கு முன்னால் ஒரு நீண்ட கதை இருந்தது தெரிந்தது.

கொலின்ஸ் 2001 ஏப்ரல் 30ஆம் திகதி பிறந்தவர். ஊர் லீக்ஸ்லிப், அயர்லாந்தின் கில்டெயார் மாவட்டத்தில், டப்ளினுக்கு மேற்கே லிஃபி ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம். வைகிங்குகளின் பழைய நோர்ஸ் மொழியில் அந்தப் பெயருக்கு 'சாமன் மீன் பாயும் இடம்' என்று பொருளாம். ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்துப் பாய்ந்து பாய்ந்து, பிறந்த இடத்துக்கே திரும்பிப் போகும் மீன் அது.

அவருடைய குடும்பமே உதைபந்தாட்டக் குடும்பம். பாட்டனார் அயர்லாந்து லீக்கில் ஆடியவர். தந்தையின் சகோதரர் இயமன் கொலின்ஸ், 1980இல் 14 வயதிலேயே இங்கிலாந்தின் பிளக்பூல் அணிக்காகக் களமிறங்கியவர். தந்தை டேவிட் இளம் வயதில் லிவர்பூல் கழகத்தில் சேர்ந்தார். லிவர்பூல்! எத்தனை பிள்ளைகளின் கனவு அது! ஆனால் அங்கே முதல் அணிக்காக ஒரு லீக் போட்டியில்கூட ஆடக் கிடைக்காமலேயே விலகி, பிறகு ஒக்ஸ்போர்ட் யுனைட்டெட் கழகத்துக்கு ஆடினார். கதவு திறப்பதையும் பார்த்த வீடு அது. அதே கதவு முகத்தில் மூடுவதையும் பார்த்த வீடு. அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்கு விழுவது என்பது புதிய செய்தியாக இருக்காது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நேதன் டப்ளினின் செரி ஓர்ச்சர்ட் கழகத்தில் பழகி, 2016இல் கடல் கடந்து இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி கழகத்துக்குப் போனார். பதினைந்து வயதளவில் தாயையும் தந்தையையும் விட்டு வேறொரு நாட்டில்! இன்றென்றால் அப்படிப் போக முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகிய பிறகு, 18 வயதாகும் வரை அயர்லாந்துப் பிள்ளைகளை இங்கிலாந்துக் கழகங்கள் எடுக்க முடியாது. இதை நான் சொன்னபோது உம்மா, "அது நல்லம்தானே, புள்ளைங்க வீட்டுல ஈக்கட்டும்" என்றார். எந்த நாட்டுத் தாயும் அதைத்தான் சொல்வாரோ என்னவோ.

2019இல், 18 வயதில், ஒரு கிண்ணப் போட்டிக்கு ஸ்டோக் அணியின் தலைவராக அவர் களமிறங்கினார். அந்தக் கழகத்தின் வரலாற்றிலேயே மிக இளைய தலைவர். 2021இல் பர்ன்லி கழகம் அவரை வாங்கியது. ஒரே பருவகாலத்தில் அந்த அணி பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. ஆனால் 2022 ஜூன் மாதம் உக்ரேனுக்கு எதிராக, போர் காரணமாகப் போலந்து மண்ணில் நடந்த போட்டியில், அயர்லாந்துக்காக அவர் போட்ட கோல் இருக்கிறதே! எதிரணியின் பந்தைத் தானே இடைமறித்து, பின்கள வீரர் என்பதையே மறந்தவர்போல் ஆட்களைத் தாண்டித் தாண்டி ஓடிப்போய்ப் போட்ட கோல். அடுத்த மாதம் வுல்வ்ஸ் கழகம் 20.5 மில்லியன் பவுண் கொடுத்து அவரை எடுத்தது. அதற்கு அடுத்த இரண்டாம் மாதம்தான் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு பார்த்த அந்த நடை.

நான் ஏன் இந்த மனிதரை விடாமல் பிடித்துக்கொண்டேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நானும் ஒரு பின்கள ஆட்டக்காரி. எங்கள் பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் எனது இடம் கோல் டிபென்ஸ். என் வேலை கோல் போடுவதல்ல, போட விடாமல் பார்ப்பது. கோல் போடுபவளின் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்தும். அவள் பத்து முறை எறிந்து மூன்று தவறினாலும், மற்ற ஏழையும் எல்லோரும் எண்ணுவார்கள். நாங்கள் பத்தில் ஒன்பதைத் தடுத்தாலும், தவறவிட்ட அந்த ஒன்றுதான் வீடு வரை கூட வரும். உதைபந்தாட்டத்திலும் இதே கதைதான். பின்கள வீரர் நன்றாக ஆடிய நாளில் அவருடைய பெயரே யாருடைய வாயிலும் வராது.

சென்ற வருடம் ஜூன் மாதம் வலய மட்டப் போட்டி. நான் விளையாடுவதில் வாப்பாவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்த பிறகும் என்ன விளையாட்டு என்பார். உம்மாதான் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கினார். அன்று முதன்முறையாக வாப்பா கடையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போட்டி பார்க்க வந்திருந்தார். மைதானத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆட்டம் 17க்கு 17 என்று சமமாக இருந்தது. கடைசி நிமிடம். எதிரணிப் பிள்ளை கோல் வட்டத்துக்குள் பந்தைப் பிடித்தாள். வலைப்பந்தாட்டத்தில் பந்து வைத்திருப்பவளிடமிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளி நின்றுதான் தடுக்க வேண்டும். நான் அவசரத்தில் முன்னே பாய்ந்துவிட்டேன். என் கை அவளுடைய கையில் பட்டது. விசில் ஊதியது. தண்டனை எறிதல்.

இந்த விளையாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. தவறு செய்தவள், எறிபவளுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்க வேண்டும். பந்து அவள் கையை விட்டுப் போகும் வரை அசையக் கூடாது, கை உயர்த்தக் கூடாது. தன் தவறின் பக்கத்தில் தானே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் போய் நின்றேன். தலை தானாகவே குனிந்தது. வேப்பமரத்தடியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் எறிந்தாள். சத்தம் கேட்டது. திரும்ப ஒரு சத்தம். பிறகு எதிரணிப் பிள்ளைகளின் கூச்சல். 18க்கு 17. சில நொடிகளில் போட்டி முடிந்தது.

பஸ்ஸில் யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று தோன்றியது. எங்கள் கோல் ஷூட்டர் என் உயிர்த் தோழி. வழமையாக என் பக்கத்தில்தான் இருப்பாள். அன்று முன் இருக்கையில் போய் இருந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து, 'தவிர்க்க முடியாத காரணங்களினால் அணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்று மிஸ்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதை ஆங்கிலப் புத்தகத்துக்குள் வைத்தேன். வாப்பாவே நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் நானே நிறுத்திவிடுவது மரியாதை என்று நினைத்தேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானா வந்து பக்கத்தில் இருந்தார். ஆறுதல் சொல்ல வராத மனிதர் அவர். "உங்கட அயர்லாந்துக்காரன் இந்த சீசன் என்ன செஞ்சான் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியும். அந்தச் சிவப்பு அட்டைக்குப் பின் கொலின்ஸுக்கு மூன்று போட்டித் தடை. அவர் இல்லாத அந்த மூன்றில் வுல்வ்ஸ் இரண்டில் தோற்றது. முதலாவது தோல்விக்கு மறுநாளே முகாமையாளரைப் பதவி நீக்கினார்கள். தடை முடிந்து அவர் திரும்பி வந்தார். ஆனால் கதை உடனே இனிப்பாக மாறவில்லை. அடுத்த ஜனவரியில் அனுபவசாலியான வேறொரு பின்கள வீரரைக் கழகம் எடுத்தது. கொலின்ஸ் பல போட்டிகளில் ஓரத்தில் இருந்து பார்க்க வேண்டி வந்தது. வந்து ஒரே வருடத்தில், 2023 ஜூலையில், வுல்வ்ஸ் அவரை விற்றுவிட்டது. வாங்கியது மேற்கு லண்டனிலுள்ள பிரென்ட்போர்ட் கழகம். 23 மில்லியன் பவுண், அந்தக் கழகம் அதுவரை கொடுத்ததிலேயே ஆகக் கூடிய விலை. அங்கேதான் அவர் நிமிர்ந்தார். 2024-25 பருவகாலத்தில் பிரென்ட்போர்ட்டின் 38 லீக் போட்டிகளிலும், ஒரு நிமிடம்கூட வெளியே போகாமல் ஆடி முடித்தார். 3,420 நிமிடங்கள்! ஒரு காலத்தில் 33ஆவது நிமிடத்தில் வெளியே அனுப்பப்பட்டவர்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும் நானா" என்றேன்.

"அப்ப பின்லாந்து மெச்சும் தெரியும்தானே?"

அதுவும் தெரியும். 2024 ஒக்டோபர், ஹெல்சிங்கி. அயர்லாந்து தேசிய அணிக்கு அவர் தலைவர். 17ஆவது நிமிடத்தில், யாரும் நெருக்காத நேரத்தில், பின்னால் கொடுக்கப்போன பந்தைத் தவறான இடத்துக்கு அனுப்பினார். பின்லாந்து வீரர் அதை எடுத்துக் கோல் போட்டார். நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது, கையிலே தலைவர் பட்டி. இம்முறை சிவப்பு அட்டையும் இல்லை. வெளியே நடந்துபோய் முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட வழியில்லை. இன்னும் எழுபது நிமிடத்துக்கு மேல் அதே இடத்தில் நின்று அதே வேலையைச் செய்ய வேண்டும். செய்தார். இரண்டாம் பாதியில் அயர்லாந்து ஒரு கோல் போட்டது. 88ஆவது நிமிடத்தில் இன்னொன்று. 2க்கு 1 என்று வென்றது. அந்த இரண்டு கோலையும் அவர் போடவில்லை. தோழர்கள் போட்டார்கள். அவர் செய்ததெல்லாம் இரண்டாவது தவறு நடக்காமல் பார்த்துக்கொண்டதுதான்.

நானா எழும்பிப் போனார். கடிதத்தை நான் அப்போதும் கிழிக்கவில்லை. கொலின்ஸுக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்திருக்கிறார்கள், அவரை ஆட வைக்காமல் என்ன செய்வார்கள், என்னை யார் தேடப்போகிறார்கள் என்று மனம் எதிர்வாதம் செய்தது.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு வாப்பா தேநீர் குடித்துக்கொண்டே கூப்பிட்டார். கடைசித் தீர்ப்பு என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"மகள், ஒரு விசயம் எனக்கு விளங்கல்ல. அந்தப் புள்ள எறிஞ்ச பந்து உள்ளுக்குப் போகல்ல தானே. வளையத்துல பட்டு உங்கட பக்கம்தானே வந்த. நீங்க ஏன் புடிக்காம சும்மா நின்ட?"

"நான் அசையக் கூடாது வாப்பா. அது சட்டம்" என்றேன்.

"பந்து வளையத்துல பட்ட பொறகுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால், பிறகு அசையலாம். பந்து கையை விட்டுப் போன அந்த நொடியிலேயே தண்டனை முடிந்துவிடும். நான் பாய்ந்து பிடித்திருக்கலாம். கேட்ட முதல் சத்தம் பந்து வளையத்தில் பட்டது. இரண்டாவது, திரும்பி வந்த பந்தை அதே பிள்ளை பிடித்து மீண்டும் எறிந்து உள்ளே போட்டது. அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் பந்து என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

வலைப்பந்தாட்டச் சட்டம் ஒன்றுமே தெரியாத என் வாப்பா, அங்கே நின்ற யாரும் கவனிக்காத ஒன்றைக் கவனித்திருந்தார். எங்களைத் தோற்கடித்தது என் கை பட்டது அல்ல. மத்தியஸ்தர் கொடுத்த தண்டனை முடிந்த பிறகும் நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட தண்டனைதான். கொலின்ஸுக்குத் தடை மூன்று போட்டிகள். நான்காவது போட்டிக்கும் அவரே தன்னைத் தடை செய்திருந்தால், அந்த 3,420 நிமிடங்கள் இருந்திருக்காது.

"அடுத்த பயிற்சி எப்ப?" என்று கேட்டுவிட்டு வாப்பா கடைத் திறப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாப்பா என்னை நிறுத்த நினைத்திருந்தாரா இல்லையா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

கடிதத்தைக் கிழித்தேன். ஆனால் மறு கிழமையே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மிஸ் என் இடத்தில் ஒரு தங்கச்சியைப் போட்டுப் பார்த்தார். அவள் என்னைவிட உயரம். ஏறத்தாழ இரண்டு மாதம் நான் மேலதிக ஆட்டக்காரியாக, தண்ணீர்ப் போத்தல்களை நிரப்பிக்கொண்டு ஓரத்தில் இருந்தேன். முன் இருக்கையில் போய் இருந்த தோழி மூன்றாம் நாள் வந்து, "எனக்குக் கோபமில்ல, அழுகை வந்த, அதான்" என்றாள். பிறகு பயிற்சி முடிந்ததும் அவள் வேண்டுமென்றே பந்தை வளையத்தில் படும்படி எறிவாள். நான் பக்கத்தில் அசையாமல் நின்று, பந்து அவள் கையை விட்டதும் பாய்ந்து பிடிப்பேன். மஃரிப் நெருங்கும் வரை அதே வேலை. முதல் நாள் பத்தில் இரண்டு பிடித்தேன்.

அந்த மாதங்களில்தான் பிரென்ட்போர்ட் கழகத்தில் பெரிய மாற்றங்கள் நடந்தன. பழைய பயிற்றுவிப்பாளர் போனார். பழைய தலைவரும் வேறு கழகத்துக்குப் போனார். புதிய பயிற்றுவிப்பாளராக வந்த அயர்லாந்துக்காரர் கீத் அன்ட்ரூஸ், தலைவர் பட்டியைக் கொலின்ஸின் கையில் கொடுத்தார். நவம்பர் 13ஆம் திகதி டப்ளினில் அயர்லாந்து அணி போர்த்துக்கல்லை 2க்கு 0 என்று வென்றபோது, கொலின்ஸ் பின்களத்தின் நடுவில் நின்றார். அன்று சிவப்பு அட்டை வாங்கி வெளியே நடந்தவர் வேறு யாருமல்ல, கிறிஸ்டியானோ ரொனால்டோ. தேசிய அணிக்காக ஆடிய 226 போட்டிகளில் அவருக்கு அதுவே முதலாவது. நானாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எனக்கோ அந்த நடையைப் பார்த்துச் சிரிக்க மனம் வரவில்லை. உலகமே அறிந்த மனிதரும் அந்த இடத்தை நடந்துதான் கடக்க வேண்டியிருக்கிறது.

போன தவணை ஒரு சிநேகபூர்வப் போட்டியில் மிஸ் எனக்கு மீண்டும் கோல் டிபென்ஸ் பட்டியைக் கொடுத்தார். இரண்டாவது கால்வாசியில் என் கை மறுபடியும் ஒருத்தியின் கையில் பட்டது. விசில் ஊதியது. போய்ப் பக்கத்தில் நின்றேன். இதயம் அடித்துக்கொண்டது. ஆனால் இம்முறை தலையைக் குனியவில்லை. பந்தையே பார்த்தேன். அவள் எறிந்தாள். அது வளையத்தில் படாமலேயே நேராக உள்ளே போனது. கோல்.

சரி, அது அவளுடைய திறமை. நான் திரும்பி என் இடத்துக்கு ஓடினேன். ஆட்டம் முடிய இன்னும் இரண்டு கால்வாசி மீதமிருந்தது.